மலைப் பாதையும் ஒரு செப்பு வளையமும்

அவிசாவளையிலிருந்து எஹலியகொடை, குருவிட்டை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ4 பாதை, பெல்மதுளையைக் கடந்து பலாங்கொடைக்கு ஏறுகிறது. தாழ்வான இடங்களில் இறப்பர் மரங்கள். மேலே செல்லச் செல்லத் தேயிலை. பாவா ஆதம் மலைக்கு ஏறும் பழைய வழிகளுள் ஒன்று இந்த இரத்தினபுரிப் பக்கத்தில்தான் உள்ளது. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா அம்மலையில் ஏறியதைத் தமது பயண நூலில் விவரித்திருக்கிறார்.

பிரதான வீதியில் பஸ் ஓடும். கடைத்தெருவிலிருந்து தோட்டத்து டிவிசன்களுக்கும் லயன்களுக்கும் பிரியும் கல் பாதைகளில் மோட்டார் சைக்கிள்தான் கைகொடுக்கிறது. ஆசிரியர், மீன் வியாபாரி, கணக்கப்பிள்ளை, பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கச் செல்லும் மௌலவி என எல்லோருக்கும் அதுவே வாகனம்.

ஆனால் இந்த மண் வாகனத்துக்கு இரக்கம் காட்டுவதில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஏற்றத்தில் முதலாம் கியரிலேயே நெடுநேரம் ஏறுவதால் என்ஜின் கொதிக்கிறது. அந்தச் சூட்டின் மீது சேற்று நீர் தெறிக்கிறது. கல் பாதையின் குலுக்கலில் நட்டுகள் தளர்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து, என்ஜினும் சைலன்சர் குழாயும் சந்திக்கும் இடத்திலுள்ள சிறு வளையத்தைப் பழுதாக்கிவிடுகின்றன. அதுதான் சைலன்சர் கேஸ்கட்.

அண்மையில் பலாங்கொடைப் பக்கத் தோட்டமொன்றுக்கு என்னை ஏற்றிச் சென்ற சகோதரரின் வண்டியில், ஏற்றத்தில் ‘டப் டப்’ என்ற சத்தம் கேட்டது. இறக்கத்தில் அக்ஸிலேட்டரை விட்டதும் வெடிச் சத்தம். மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. கடைத்தெரு கராஜில் வேலை செய்த தோட்டத்து இளைஞர் ஒருவர் பார்த்தவுடனேயே சொன்னார்: “மௌலவி, சைலன்சர் நல்லாத்தான் இருக்கு. கேஸ்கட்தான் போயிருக்கு.”

என்ஜின் ஆறும்வரை அவர் கை வைக்கவில்லை. நட்டுகளில் துரு இளக எண்ணெய் விட்டு ஊறவைத்தார். “அவசரப்பட்டா ஸ்டட் முறிஞ்சிடும். அப்புறம் ஹெட்டையே கழட்டணும்” என்றார். குழாயை எடுத்ததும், என்ஜினின் வாயில் ஒட்டிக் கிடந்த பழைய வளையத்தைச் சுட்டிக் காட்டினார். கரி மூடிய அது இரும்போடு இரும்பாகத் தெரிந்தது. அதைக் கவனியாமல் அதன்மேலேயே புதியதை வைப்போர் உண்டாம். அப்படி வைத்தால் மறுபடியும் கசியும். அதைப் பெயர்த்தெடுத்து, கரித்தூள் உள்ளே விழாதபடி துணி செருகி, அலுமினியம் கீறுப்படாமல் சுரண்டினார். புதிய வளையம் நழுவாதிருக்கச் சிறிது கிரீஸ் தடவிப் பொருத்தினார். முதலில் எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் மாட்டினார். பிறகு முன்பக்க நட்டுகள் இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினார். பின்பக்க போல்ட்டைக் கடைசியில்தான் இறுக்கினார். என்ஜினை ஓடவிட்டு, மீண்டும் ஆறவிட்டு, இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தார்.

“பழையதையே போட முடியாதா தம்பி?” என்று கேட்டேன்.

“நசுங்கித்தான் மௌலவி இது காத்த அடைக்கும். ஒரு வாட்டி நசுங்குனது திரும்ப நசுங்காது. முழுச் செம்பா இருந்தா நெருப்புல சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா இளகும். 2022ல சாமான் வாங்க முடியாத நேரம் அப்படித்தான் செஞ்சோம். ஆனா பழசுனு சொல்லித்தான் போடுவோம், புதுசு விலை எடுக்க மாட்டோம்.”

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவரை ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நெருக்கடியிலும் இப்படிச் சொல்லி விற்றவர்கள் இருந்திருக்கிறார்கள். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டதும், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை மத்ரஸாக்களில் வியாபாரப் பாடத்தில் ஓதிக்கொடுக்கிறோம். குழாயை மாட்டிவிட்டால் இந்த வளையமும் கண்ணுக்குத் தெரியாது. வாங்குபவர் பார்க்க முடியாத இடத்தில்தான் அமானிதம் சோதிக்கப்படுகிறது. மார்க்கக் கல்வி எதுவும் கற்றிராத அந்த இளைஞர் அச்சோதனையில் தேறியிருந்தார்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. வண்டியில் இந்தச் சத்தம் கேட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். விடியற்காலையில் லயன் வாசலில் அது எழுப்பும் இரைச்சல், அடுத்த அறையில் உறங்கும் குழந்தையையும் நோயாளியையும் வருத்தும். அண்டை வீட்டாரின் உரிமை இதிலும் இருக்கிறது. களவுக்குப் பயந்து, தகரம் அடைத்த திண்ணைக்குள் வண்டியை நிறுத்துவோர், கேஸ்கட் நன்றாயிருந்தாலும் அங்கே என்ஜினை இயக்க வேண்டாம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். வண்டியை வெளியே உருட்டிச் சென்று ஸ்டார்ட் செய்யுங்கள்.

சிறு வேலையையும் செம்மையாகச் செய்யும் கரங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.