ஒரு மாணவி கேட்ட கேள்வி



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திங்கட்கிழமைதோறும் பள்ளிச் சபைகூடலில் மாணவர்களோடு நின்று தேசியக் கோட்பாட்டின் ஐந்து நெறிகளையும் ஒப்புவித்திருக்கிறேன். அது 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிரகடனப்படுத்தப்பட்டது என்பதைத் தேர்வுக்காக மனனம் செய்ய வைத்திருக்கிறேன். நான் பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, நாடு 1957லேயே சுதந்திரம் அடைந்துவிட்டது. இது மட்டும் ஏன் 13 ஆண்டுகள் கழித்து வந்தது?" என்று கேட்டாள். "இன ஒற்றுமைக்காக அம்மா" என்று சொல்லிவிட்டுப் பாடநூலின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நான் சொன்னது பொய்யன்று. எனினும், அன்று மாலை வீடு திரும்பியபோது என் மனம் என்னை மன்னிக்கவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுத முனைகின்றேன்.

1969ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. ஈஜோக்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் வாழ்ந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினர். அண்ணன் கோலாலம்பூரில், அந்நாளில் எல்லாரும் பத்து ரோடு என்றழைத்த சாலையின் அருகே, ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தார். சம்பளம் வாங்கியதும் வரும் ஞாயிற்றுக்கிழமையில் பேருந்தேறி வீட்டுக்கு வருவார்.

அவ்வாண்டு மே 10ஆம் நாள் பொதுத்தேர்தல் நடந்தது. சிலாங்கூர்ச் சட்டமன்றத்தின் 28 இடங்களில் ஆளும் கூட்டணி 14 இடங்களையும் எதிர்த்தரப்பினர் 14 இடங்களையும் பெற்றனர். வெற்றி ஊர்வலங்களும், அவற்றுக்குப் பதிலாக ஏற்பாடான ஊர்வலமும் தலைநகரைக் கொதிநிலைக்குக் கொண்டு சென்றன. மே 13, செவ்வாய்க்கிழமை மாலை கலவரம் வெடித்தது. இவையெல்லாம் நான் பின்னாளில் நூல்களில் படித்து அறிந்தவை.

பத்து வயதுச் சிறுவனாக நான் அறிந்தது வேறு. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் கிராணியார், "யாரும் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது" என்றார். பேருந்து வரவில்லை. பள்ளி மூடப்பட்டது. லயத்தில் வானொலிப் பெட்டி இருந்த ஒரே வீட்டின் முன்னே பெரியவர்கள் கூடிநின்று செய்தி கேட்டனர். ஊரடங்குச் சட்டம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மா அண்ணனின் சட்டையொன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவரைப் பற்றிக் கேட்டறிய எங்களுக்கு எந்த வழியும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு சிறு சண்டைகூட நிகழவில்லை. ஆனால் வதந்திகள் வந்து சேர்ந்தன. "இன்றிரவு வருகிறார்களாம்" என்பார்கள். யார் வருகிறார்கள், எங்கிருந்து என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. ஆண்கள் பாராங் கத்திகளைத் தீட்டி வைத்துக்கொண்டு முறைவைத்து விழித்திருந்தனர்.

தோட்டத்து லாரி ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர்; பக்கத்துக் கம்பத்தில் குடியிருந்தார். அவரைப் பாக்சிக் என்றே அழைப்போம். எங்களோடு பழகிப் பழகித் தமிழை எங்களைப் போலவே பேசுவார். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கும், நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு லெமாங்கும் மாறிமாறிச் செல்லும். அப்பாவை 'அண்ணே' என்றுதான் விளிப்பார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நல்ல மழை பெய்த இரவு. கதவு தட்டப்பட்டது. "அண்ணே, நான்தான். கதவைத் திறங்க" என்றது பழகிய குரல். அம்மா தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பற்றி நிறுத்தினார். அவருடைய மறு கையில் கத்தி இருந்தது. விளக்கை அம்மா ஊதி அணைத்தார். வெளியே இருந்தவர் மீண்டும் ஒருமுறை அழைத்தார். சிறிது நேரம் நின்றார். பிறகு சேற்றில் காலடி ஓசை விலகிப் போயிற்று.

காலையில் கதவைத் திறந்தபோது, படியில் ஒரு சாக்கு நிறைய மரவள்ளிக் கிழங்கும் இரண்டு தேங்காய்களும் இருந்தன. சீனர் கடையில் அரிசி தீர்ந்துபோனது அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. ஊரடங்கு வேளையில், இருட்டில், மூட்டையோடு நடந்து வந்தவரைக் காவலர்கள் கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அக்கிழங்கை அம்மா வேகவைத்தார். அப்பா அன்று உண்ணவில்லை.

பன்னிரண்டு நாள்களுக்குப் பின் அண்ணன் வந்து சேர்ந்தார். அச்சகத்துக்குள்ளேயே நால்வர் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டியும் தண்ணீருமாய் இருந்தார்களாம். உடன் வேலை செய்த ஒரு சீனப் பெரியவர், "பிள்ளைகள் வீட்டில் தனியாக இருக்கிறார்கள்" என்று முதல்நாள் இரவே புறப்பட்டுச் சென்றார். அச்சகம் மீண்டும் திறந்த பின்னும் அவர் வரவில்லை. இதற்குமேல் அண்ணன் எதுவும் சொன்னதில்லை. அந்தப் பெரியவரின் பெயரையும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அண்ணன் இன்று உயிரோடு இல்லை.

அரசாங்கக் கணக்குப்படி இறந்தோர் 196 பேர். அவர்களில் சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13, ஏனையோர் 15. நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. 1971 பிப்ரவரியில்தான் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. இடைப்பட்ட அக்காலத்தில் பிறந்ததே நம் தேசியக் கோட்பாடு. மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வழியில் உள்ள சுங்கை பூலோவை, கூட்டங்களுக்கும் பயிலரங்குகளுக்கும் செல்கையில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அங்குள்ள மருத்துவமனையை ஒட்டி, அன்று தொழுநோயாளர் குடியிருப்புக்கு உரியதாயிருந்த நிலத்தில், அக்கலவரத்தில் மாண்டோர் பலர் புதைக்கப்பட்டனர் என்பதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன். ஒருநாள் சென்று பார்த்தேன். கற்களில் பெரும்பாலும் சீன எழுத்துகள். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எந்தப் பெயரைத் தேடுவது?

அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்கு அப்பா எங்களைப் பாக்சிக் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவர் முகம் மலர்ந்து வரவேற்று விருந்தளித்தார். அந்த இரவைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆனால் அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் வாசலிலேயே நின்று குரல் கொடுப்பார். அப்பா எவ்வளவு அழைத்தும், அந்தப் படியில் அவர் மறுபடியும் கால் வைக்கவில்லை.

யார் முதலில் அடித்தார் என்ற ஆராய்ச்சியைப் பிள்ளைகளிடம் கொண்டு செல்லுமாறு நான் கேட்கவில்லை. தேசியக் கோட்பாட்டை மனனம் செய்ய வைக்கும்போது, அது எத்தனை உயிர்களுக்குப் பின் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் அந்நாள்களைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நான் அண்ணனிடம் கேட்காமல் விட்டதுபோல் நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

அந்த மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் பயில்வதாகக் கேள்விப்படுகிறேன். இதை அவள் படிக்க நேர்ந்தால் ஒன்று சொல்வேன்: அம்மா, நீ அன்று கேட்டது நல்ல கேள்வி. தாமதமாக விடை சொன்ன ஆசிரியனைப் பொறுத்துக்கொள்.