கூட்டாமலும் குறைக்காமலும்

2003-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் என்னும் முதியவர் தம் 87-ஆம் வயதில் காலமானார். நம் வாசகர்களில் அப்பெயரைக் கேள்வியுற்றோர் மிகச் சிலராகவே இருத்தல் கூடும். அவர் அறிஞருமல்லர், அரசியலாருமல்லர். ஆம்ப்ளிபயர் செய்து விற்றவர். இசைத்தட்டிலிருந்தோ வானொலியிலிருந்தோ வரும் மெல்லிய மின்னலையை, ஒலிபெருக்கியை இயக்கும் அளவுக்கு வலுப்படுத்தித் தரும் பெட்டிக்கு அப்பெயர். 'குவாட்' என்ற முத்திரையுடன் அவருடைய பெட்டிகள் உலகின் பல மூலைகளுக்கும் சென்றன. அவரை நாம் நேரில் கண்டதில்லை. ஆயினும் அவர் மறைந்த செய்தியைப் படித்த அன்று, இஷாத் தொழுகை முடிந்து நெடுநேரமாகியும் உறக்கமின்றிக் கிடந்தோம். அதன் காரணத்தை எங்கேனும் எழுதி வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றே எழுந்தது. இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டது நம் கோழைத்தனம்.

வாக்கர் 1936-இல் தம் தொழிலைத் தொடங்கினார். அந்நாளில் அவர் செய்தவை கூட்டங்களில் பேச்சை ஒலிக்கச் செய்யும் கருவிகள். நம்மூர் மீலாது மேடைக்கு வாடகைக்கு வரும் மைக் செட்டின் இனம் என்று கொள்ளலாம். போர்க் காலத்தில் லண்டன் நகரத்துத் தொழிலகம் குண்டுவீச்சுக்கு இலக்காகவே, 1941-இல் ஹண்டிங்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். போருக்குப் பின்னர் வீடுகளில் இசை கேட்போருக்கான கருவிகளில் அவர் மனம் சென்றது. வீட்டுக்குரிய தரமிக்க ஆம்ப்ளிபயர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே 'குவாட்' என்றாயின.

1953-இல் வெளிவந்த 'குவாட் இரண்டு' என்ற பெட்டியே அவர் பெயரை நிலைநாட்டியது. கண்ணாடிக் குழாய் வால்வுகள் கொண்டது, அளவில் சிறியது, ஆற்றல் 15 வாட் மட்டுமே. இன்று சிறுவர்களின் மேசை மீதிருக்கும் கருவிகளே இதனினும் பெரிய எண்ணைச் சொல்லிக்கொள்கின்றன. ஆனால் 1954-இல் லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹால் என்னும், ஏறத்தாழ 3000 பேர் அமரும் அரங்கில், ஒலிபெருக்கி செய்பவரான கில்பர்ட் பிரிக்ஸ் ஒரு காட்சி நடத்தினார். மேடையில் கலைஞர்கள் நேராக வாசிப்பார்கள். பின்னர் பதிவு செய்யப்பட்ட இசை ஒலிக்கும். அவையோர் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே ஒலித்தது வாக்கரின் ஆம்ப்ளிபயர்கள் வழியாகத்தான். துணைக்கு நின்று கருவிகளை இயக்கியவரும் அவரே. போட்டியாளர் ஒருவர் தம் சரக்குக்கு அருகே உண்மையான பொருளையே நிறுத்திப் பாருங்கள் என்று சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும் என்பதைக் கடையில் நின்றவர் அறிவர்.

ஆம்ப்ளிபயரைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை மிக எளியது. அது வெறும் கம்பியைப் போல இருத்தல் வேண்டும். வந்ததைப் பெரிதாக்கித் தருவதன்றி வேறு எதுவும் செய்தலாகாது. அதைச் சோதிக்கும் வழியும் எளியதே. உள்ளே சென்ற அலையையும் வெளியே வந்த அலையையும் ஒரே அளவுக்குக் கொணர்ந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மீதி இருத்தலாகாது. மீதி ஏதேனும் இருப்பின் அது அந்தப் பெட்டி தானாகக் கூட்டியது, அல்லது தன்னிடமே வைத்துக்கொண்டது. இதைப் படித்தபோது நமக்கு நினைவு வந்தது, ஹதீஸ்களை அறிவிப்போரிடம் நம் முன்னோர் எதிர்பார்த்த பண்பு. அறிவிப்பாளர் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டதைக் கேட்டவாறே ஒப்படைத்தாரா என்றே ஆராய்ந்தார்கள். ஒலியும் ஓர் அமானிதம் என்று வாக்கர் சொல்லியிருக்க மாட்டார். அச்சொல் அவர் மொழியில் இல்லை.

இனி நம் கதைக்கு வருவோம்.

1970-களில் நாம் சிங்கப்பூரில் மாமா ஒருவரின் தயவால் ஒரு ரேடியோக் கடையில் நின்றோம். கடை அவருடையது அன்று. அதில் அவருக்குப் பங்கு மட்டும் இருந்தது. ஜப்பானிலிருந்து பளபளப்பான கருவிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் அது. முகப்பில் வரிசையாகக் குமிழ்கள், நீல விளக்கு, அசையும் முள். வாட் கணக்கை விளம்பரக்காரர்கள் தம் விருப்பம் போல் ஊதிப் பெருக்கினர். அமெரிக்காவில் இந்தப் புளுகை அடக்க 1974-இல் விதியே செய்யவேண்டி வந்தது. நம் கடைக்கு அவ்விதி எட்டவில்லை.

1976-இல் ஒரு பிற்பகல் முதியவர் ஒருவர் வாடகைக் காரில் மூன்று பெட்டிகளுடன் வந்திறங்கினார். ஹஜ்ஜு செய்தவர். முன்னர் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் எழுத்தராக இருந்தவர். 1971-இல் பிரிட்டிஷ் படையினர் கலைந்து சென்றபோது, ஊர் திரும்பிய அதிகாரி ஒருவரிடம் அவற்றை விலைக்கு வாங்கியிருந்தார். இரண்டு 'குவாட் இரண்டு', அவற்றுக்குரிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் சிறு காகிதத்தில் 786 என்று எழுதி ஒட்டியிருந்தார். நாகூர் ஹனிபாவின் இசைத்தட்டுகளும் எகிப்தியக் காரிகளின் கிராஅத் தட்டுகளும் தம்மிடம் உண்டு என்றார்.

"தம்பி, வலப்பக்கம் ஒரு இரைச்சல் வருது. என்னன்னு பாருங்க."

கழற்றிப் பார்த்தோம். மின்சாரத்தின் முனகலை வடிகட்டும் கண்டன்சர் ஒன்று வயதாகிக் களைத்திருந்தது. வேறு குறையில்லை. மாற்றினால் அரை மணி நேர வேலை. சில வெள்ளிச் செலவு. அந்தப் பெட்டிகளைத் தேடி அலையும் ஆங்கில வாடிக்கையாளர் ஒருவர் நமக்கு இருந்தார் என்பதும் அக்கணமே நினைவுக்கு வந்தது.

"ஹாஜியார், இதெல்லாம் பழைய காலத்துச் சாமான். வால்வு இனிக் கிடைக்காது. புதுசு வாங்கினீங்கன்னா காரியுடைய குரல் இன்னும் துல்லியமாக் கேட்கும்" என்றோம்.

"நீங்க சொன்னாச் சரிதான் தம்பி. நமக்கு இது ஒண்ணும் தெரியாது."

மூன்று பெட்டிகளையும் 60 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டோம். 700 வெள்ளிக்குப் புதிய கருவி ஒன்றை அவர் தலையில் கட்டினோம். பழையவை அடுத்த வாரமே 350 வெள்ளிக்குப் போயின. நம் கெட்டிக்காரத்தனத்தை மாமா பாராட்டினார். திங்கள் ஒன்று கழித்து ஹாஜியார் மீண்டும் வந்தார். சண்டைக்கு வந்தாரோ என்று அஞ்சினோம். புதிய கருவி நன்றாக இருப்பதாகச் சொல்லி, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை மேசை மீது வைத்தார். "அல்லாஹ் உங்க வியாபாரத்துல பரக்கத் செய்யட்டும்" என்று துஆ செய்துவிட்டுப் போனார்.

அதற்குப் பின்னும் ஈராண்டுகள் நாம் அதைப் பெரிதாக எண்ணவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

1978-இல் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' என்ற ஆங்கில மாத இதழ் கடைக்கு வந்தது. வால்வு நன்றா, டிரான்சிஸ்டர் நன்றா என்ற வழக்கு அந்நாளில் சூடாக நடந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியல் வல்லுநர் நடத்திய சோதனை ஒன்று அவ்விதழில் விவரிக்கப்பட்டிருந்தது. சோதனைக்கு எடுக்கப்பட்டவை மூன்றுமே வாக்கரின் ஆம்ப்ளிபயர்கள்: 1953-இன் 'குவாட் இரண்டு', 1967-இன் '303', 1975-இன் '405'. வீட்டுக்கென்று அவர் செய்தவற்றில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு இம்மூன்றே தலைமையானவை. ஆண்டுதோறும் முகப்பை மாற்றிப் புதியது என்று விற்கும் வழக்கம் அவரிடம் இல்லை. பழகிய செவியுடையோரை அமர்த்தி, ஒலியளவைச் சமமாக்கி, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். எது எது என்று எவராலும் பிரித்தறிய இயலவில்லை.

இச்சோதனைக்கு ஏற்பாடு செய்ததே வாக்கரின் நிறுவனம் என்பதுதான் வியப்பு. தம் சொந்தக் கொள்கையை நிலைநாட்டவே செய்தார் என்று குறை கூறினோர் உண்டு. செவி உணர்வதை அளவுகோல் காட்டாது என்று வாதிப்போர் இன்றும் உண்டு; அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் வணிகக் கண் கொண்டு பாருங்கள். '405' அவருடைய பெருமைக்குரிய படைப்பு. சிறிதும் பிழையற்ற சிறு ஆம்ப்ளிபயர் ஒன்று, பாரம் சுமக்கும் முரட்டு டிரான்சிஸ்டர்களை மேற்பார்த்து, அவை செய்யும் பிழையைத் தானே ஈடுசெய்யும் அமைப்பு அது. சுமை தூக்குவோர் பலர், கணக்கெழுதுபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். காலப்போக்கில் திருத்திக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் அதில் இல்லை. மைக்கேல் ஆல்பின்சன் என்பவருடன் சேர்ந்து அவர் வகுத்த அம்முறைக்கு அதே 1978-இல் அரசியின் விருதும் கிட்டியது. அத்தகைய புதுச் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு, 25 ஆண்டுப் பழமையான தம் பெட்டி பழுதின்றி இருந்தால் இதற்கும் அதற்கும் செவிக்கு வேற்றுமை தெரியாது என்று ஊரறியச் சாட்சி தேடிய வணிகரை நாம் வேறெங்கும் கண்டதில்லை. புதியதில் ஆற்றல் மிகுதி. ஒவ்வொரு பக்கமும் 100 வாட். பெரிய அறையும் உரத்த இசையும் வேண்டுவோருக்கு அது பயன்படும். மற்றவர்கள் பழையதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம். பல்லாண்டு பழமையான பெட்டிகளையும் ஹண்டிங்டனுக்கு அனுப்பினால் சீர் செய்து தந்தார்கள்.

இதழை மூடிவைத்தோம். நாம் ஹாஜியாரிடம் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, மேலே காய்ந்ததை வைத்து விற்ற வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் மதரஸாவிலேயே ஓதியிருந்தோம். நாம் செய்தது அதற்கும் ஒரு படி கீழே. காய்ந்த தானியத்தை ஈரம் என்று சொல்லிப் பிடுங்கினோம். அதற்கு மேல் துஆவையும் வாங்கிக்கொண்டோம்.

அந்த வார இறுதியில் அவர் சொல்லியிருந்த கம்பத்துக்குச் சென்றோம். அங்கே வீடுகள் இல்லை. குடியிருந்தோரை அடுக்குமாடிகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டு நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். பள்ளிவாசல்களில் விசாரித்தோம். மகளிடம் மலேசியாவுக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். ஊருக்கே திரும்பிவிட்டார் என்றார் மற்றொருவர். பில் புத்தகத்தில் பெயரின் முதலெழுத்தும் தொகையும் மட்டுமே இருந்தன. அந்த ஆங்கிலேய வாடிக்கையாளரும் நாடு திரும்பியிருந்தார்.

ஆண்டுகள் பல கழித்து ஆலிம் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அல்லாஹ்வுக்குச் செய்யும் குற்றம் வேறு, அடியாருக்குச் செய்யும் குற்றம் வேறு என்பது அவர் சொல்லித் தெரிய வேண்டியதன்று. வாரிசுகளைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அத்தொகையை அவர் பெயரால் தர்மம் செய்யுங்கள், பின்னால் எவரேனும் வந்து கேட்டால் அப்போதும் கொடுங்கள் என்றார். எத்தொகை என்று கேட்டோம். பழைய பெட்டிகளில் நாம் அடித்த 290 வெள்ளியா? தேவையே இல்லாமல் அவரை வாங்கச் செய்த 700 வெள்ளியா? ஆலிம் சிறிது நேரம் பேசவில்லை. "கூட்டியே போடுங்களேன்" என்றார்.

போட்டோம். ஆனால் வாக்கரின் கழித்தற் கணக்கைப் போல் மீதி இல்லாமல் அது முடியவில்லை. அவர் மறைந்த இரவு உறக்கம் வராததும் இதனாலேயே. தம் செய்கையால் ஒருவரைக் குற்றவாளியாக்கினோம் என்பதை அவர் அறியவே மாட்டார்.

குவாட் நிறுவனம் 1990-களில் கைமாறியது. பழைய 'குவாட் இரண்டு' பெட்டிகளை இன்று சேகரிப்போர் பொன்போல் தேடுகிறார்கள். சிங்கப்பூர் சுங்கை ரோடு பழஞ்சந்தை 2017-இல் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தரையில் விரித்த தார்ப்பாயின் மேல் ஒன்றைக் கண்டோம். விலை கேட்கும் முன் அதைத் தூக்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தோம். துருவும் பழைய தூசியும் இருந்தன. காகிதம் ஒட்டிய தடம் இல்லை. விற்றவர் சீனப் பெரியவர். ஏன் தலைகீழாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சும்மாதான் என்று சொல்லி, அவர் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தோம். கண்டன்சரை மாற்றினோம். அரை மணி நேர வேலை.