அடிக்கும்போதா, அடித்த பிறகா?

சிங்கப்பெருமாள் கோவிலில் சில்லறைக்குப் பஞ்சமில்லை. பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்க வருகிறவர்கள், ஒரகடம் பக்கம் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், செங்கல்பட்டு மின்ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் என எல்லோர் கையும் பட்ட காசுகள் டீக்கடை டப்பாவில் வந்து விழுகின்றன. மிச்சச் சில்லறையாக என் சட்டைப்பைக்கு வருவதை இரவில் லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். நான் தேடுவது நாணயச்சாலையில் நேர்ந்த பிழையை. பெரும்பாலும் அகப்படுவது வெளியே வந்தபின் பட்ட அடி.

இரண்டையும் பிரித்தறிய எனக்கு வாய்த்த குரு, ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் டை ஃபிட்டராக இருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி. நாணயவியல் புத்தகம் எதையும் அவன் புரட்டியதில்லை. ஆனாலும் காசைக் கையில் வாங்கியதும் சொல்லிவிடுவான்: “இது அடிக்கும்போது வந்தது இல்லண்ணே, அப்புறம் பட்டது.” தகட்டை அச்சில் அடித்து வண்டி பாகம் செய்கிறவனுக்கு ரூபாய் செய்வது புரியாத வித்தை அல்ல. உலோகச் சுருளிலிருந்து வட்டத் துண்டு வெட்டுகிறார்கள். அதன் விளிம்பை உயர்த்துகிறார்கள். மேலும் கீழும் இரண்டு அச்சு, சுற்றிலும் ஒரு வளையம், நடுவில் துண்டை வைத்து அடிக்கிறார்கள். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளிலும் அடிப்படை இதுதான். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: காயம் அந்த அடிக்கு முன்பா, அடியின்போதா, பின்பா?

ஓரம் பிறை போலக் கடிபட்ட ஒரு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு வெட்டும்போதே, ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் வெட்டுகத்தி விழுந்திருந்தால் அது பிழை. அப்படியானால் கடிக்கு அருகே எழுத்துகள் மங்கி, இழுபட்டு நிற்கும். கடிக்கு நேர் எதிர்ப்புற விளிம்பும் பலவீனமாக இருக்கும். விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில் இந்தப் பக்கம் பிடிமானம் இல்லாததால் அந்தப் பக்கமும் அழுத்தம் வாங்கவில்லை. பிற்பாடு யாரோ அரத்தால் ராவிய காசில் எழுத்து வெடுக்கென்று அறுபட்டிருக்கும். எதிர்விளிம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கண்ணாடி பிம்பமாகக் குழிந்த எழுத்து இன்னொரு மயக்கம். அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த துண்டின் மேல் பதிந்தால் இந்தப் பிம்பம் விழும். அப்போது அந்த முகத்தில் பிம்பம் மட்டுமே இருக்கும். அங்கே வரவேண்டிய அச்சு, ஒட்டிய காசுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. அசல் உருவம் நசுங்கிக் கிடக்க, அதன் மேலேயே பிம்பமும் தெரிந்தால், இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். பட்டறைக்குப் பட்டறை வைஸ் இருக்கும் நம் பக்கத்தில் இது அதிசயமில்லை.

கீறலைப் பார்த்தால் உலோகம் எங்கே போயிற்று என்று பாருங்கள். கீறிய காசில் பள்ளத்தின் ஓரமாக உலோகம் ஒதுங்கி நிற்கும். அச்சில் விரிசல் விட்டிருந்தால் காசில் பள்ளம் வராது, மேடான கோடுதான் வரும். காசு முழுக்க மெலிந்து, எழுத்தெல்லாம் கரைந்திருந்தால் அமிலம் பட்டிருக்கலாம், தராசில் வையுங்கள். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம் இருக்கவேண்டும். தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசும், வளையம் இல்லாமல் அடிபட்ட காசும் இரண்டுமே அகலமாக இருக்கும். முன்னதில் உருவம் தட்டையாகிவிடும். பின்னதில் உருவம் தெளிவாகவே நிற்கும்.

பத்து ரூபாய்க் காசு தனி ரகம். உள்வட்டும் வெளிவளையமும் பூட்டிக்கொள்வது அச்சு விழும் அதே அடியில்தான். உள்வட்டு விலகி அமைந்திருந்தாலும் உருவம் இரு உலோகத்தின் மேலும் முறியாமல் ஓடினால் அது பிழை. உருவம் இணைப்பில் தடம் மாறினால், யாரோ தட்டிக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.

பிழையும் இல்லை, சேதமும் இல்லை என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு. ரூபாய்க் குறி உள்ள பத்து ரூபாய், இல்லாத பத்து ரூபாய் என்று வேறுபாடு கண்டு, ‘செல்லாது’ என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் வாங்க மறுத்தார்கள். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்கவேண்டி வந்தது. வடிவம் மாறுவது அரசின் முடிவு. அதில் இயந்திரத்தின் குற்றம் எதுவும் இல்லை.

இந்த மூன்றையும் குழப்புவதில் சிலருக்கு லாபம் இருக்கிறது. நசுங்கிய காசுக்கு லட்சம் தருவதாக விளம்பரம் செய்து, கமிஷன், வரி என்று முன்பணம் கறக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பிழையைக் கையால் செய்து விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கு 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் இருக்கிறது. காசை உருக்கினாலோ அழித்தாலோ ஏழாண்டு வரை சிறை.

உங்கள் கையில் விநோதமான காசு ஒன்று சிக்கினால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் சாட்சியே அழிந்துவிடும். அதே வரிசையில் ஒரு நல்ல காசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்த இயந்திரம், எந்தக் கட்டத்தில் இதைச் செய்திருக்க முடியும் என்று சொல்ல முடியாவிட்டால், அது சேதம்தான். அதன் விலை அதன் முகத்தில் எழுதியிருப்பதுதான். அதற்காக யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.