சீலும் தோலும்

ஒழுகுவதை அடைக்கிற வேலை எங்க ஆளுகளுக்குப் புதுசு இல்லை. இன்றைக்கு அது ஆயில் சீல். எங்க தாத்தன் காலத்தில் கவலைச் சால்.

மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. ஆனாலும் கொங்குநாட்டுப் பண்ணை வீடுகள் சிலதில் அது இன்னும் போர்த்தி மூடிக் கிடக்கிறது. கல்யாணம், கோயில் என்றால் வெளியே எடுப்பார்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்து இறுகிவிடும். நாலு தெரு ஓட்டுவதற்குள் கியர்பாக்ஸ் வால்பக்கம் ஆயில் சொட்டும். அப்போதுதான் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கிற என் மாமாவைத் தேடி ஆள் வரும்.

வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரத்துக்குக் கல் அண்டைக் கொடுப்பார் மாமா. பின்பக்கம் உயர்ந்தால் ஆயில் முன்னால் ஓடிவிடும். சாஃப்டை உருவும்போது மூஞ்சியில் கொட்டாது. டிஃபரன்சியல் பக்கம் ஃபிளாஞ்சில் உளியால் ஒரு கோடு போடுவார். "இருந்த மாதிரியே மாட்டோணும்டா. மாத்தி மாட்டுனா வண்டி ஒதறும்." நாலு போல்ட்டைக் கழற்றி, புரொப்பெல்லர் சாஃப்டைப் பின்னால் இழுத்து உருவுவார். சாஃப்ட் முனையை நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது, எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். பழைய சீலை நெம்பும்போது அது உட்கார்ந்திருக்கிற இடத்தில் கீறல் விழக் கூடாது. புதுச் சீலின் உதட்டைச் சுற்றி மெல்லிய சுருள்கம்பி இருக்கும். அந்தப் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கணும். உதட்டில் கிரீஸ் தடவி, குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டணும். கோணலாக இறங்கினால் மறுபடியும் முதலிலிருந்து.

செயற்கை ரப்பர் வருவதற்கு முன்னால் மோட்டார் வண்டியின் ஆயில் சீல்களே தோலில்தான் செய்யப்பட்டன. இது தெரிந்தபோது எனக்குத் தாத்தன் ஞாபகம் வந்தது. கிணற்றில் மாடு கட்டி இறைத்த காலத்தில், சாலுக்குத் தோல்வால் தைத்துக் கொடுத்தது அவர் கை. தோல் காயாமல் எண்ணெய் போட்டு ஊறவைத்து, தையல் விட்டுப்போன இடத்தை அடைத்து, கூலியாகக் களத்தில் சோளமும் கம்பும் வாங்கினவர். அவர் தைத்த தோல் கிணற்றுக்குள் இறங்கும். அவர் இறங்கக் கூடாது. அந்தத் தண்ணியில் விளைந்ததுக்குத் தீட்டு இல்லை.

எம்.ஏ. வகுப்பில் புறநானூற்று 82ஆம் பாட்டு நடந்தது. போரின் வேகத்துக்கு, தோல்வார் போட்டுக் கட்டில் பின்னுகிறவன் கை ஊசியின் வேகம் உவமை. அந்தக் கைக்காரனுக்குப் புலவர் வைத்த பெயர் 'இழிசினன்'. உவமை நயத்தை ஒரு மணிநேரம் விளக்கினார்கள். அந்தப் பெயரை யாரும் தொடவில்லை. கை மட்டும் வேணும், ஆள் வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

போன தையில் ஒரு கல்யாண வண்டி வந்தது. மத்தியானத்துக்குள் சீல் மாற்றி, ஆயில் ஊற்றியாச்சு. ஓட்டிப் பார்க்கணும். பண்ணைக்காரர் மகன், இருபத்தஞ்சு வயசிருக்கும், டிரைவர் சீட்டில் பழைய வேட்டியை விரித்தான். "கிரீஸ் ஒட்டிக்கும்டா" என்றான். மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. போன வருசம் டவுன் மெக்கானிக் பிரேக் பார்த்துவிட்டு ஓட்டினபோது விரிப்பு இல்லை. அன்றைக்கும் நான் அங்கேதான் நின்றேன்.

எனக்கு உடம்பு கொதித்தது. மாமா ஒண்ணும் பேசவில்லை. மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்புப் போட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வேட்டியை எடுத்து நாலாக மடித்து அவன் கையில் கொடுத்தார். "கை சுத்தமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வெறும் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அவன் வேட்டியோடு நின்றான். வண்டி திரும்பி வந்ததும் அடியில் காகிதம் விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

இதில் என்ன விடுதலை இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். அடுத்த மாசம் அதே வண்டி கிளச் வேலைக்கு வந்ததாம். "விரிப்பு இருந்துச்சா மாமா?" என்றேன்.

"இருந்துச்சு. எடுத்து மடிச்சுக் குடுத்தேன்."