எஞ்சிய மெழுகு

கத்தோலிக்க இல்லங்களில் எரிந்து எஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைக் குப்பையில் எறிவோர் அரிது. மந்திரித்த பொருளாயிற்றே என்ற தயக்கம் ஒருபுறம். அதனை ஏற்றிய நாளின் நினைவு மறுபுறம். பிப்ரவரி 2ஆம் நாள் ஆண்டவரைக் காணிக்கையாக்கிய விழாவில் ஏந்திய திரி, கல்லறைத் திருநாளில் காற்றில் பாதியிலே அணைந்த திரி, வேளாங்கண்ணியிலிருந்து வாங்கிவந்த திரி யாவும் ஏதேனும் ஒரு தகரப்பெட்டியைச் சென்றடைகின்றன. அதன்பின் அவற்றை என்ன செய்வது என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

எங்கள் அன்னையாரிடமும் அத்தகைய பிஸ்கட் பெட்டி ஒன்றிருந்தது. 2022 ஆகஸ்டில் அவர் இறைவனடி சேர்ந்த பின்னரே அதனைத் திறந்தோம். ஒவ்வொரு துண்டையும் தாளில் சுற்றி, மேலே பெயரும் நாளும் குறித்திருந்தார். திருமுழுக்குத் திரிகள் நான்கு இருந்தன. நாங்களோ மூவர்.

நான்காம் பொட்டலத்தில் 1964 என்ற ஆண்டு. 11 நாள்களே வாழ்ந்த எங்கள் சகோதரனுடையது அது. அவன் முகத்தைக் கண்டவர் எங்களுள் அக்கா ஒருவரே. பின்னர்ப் பிறந்த எங்கள் இருவருக்கும் அவன், செபமாலையின் முடிவில் அன்னையார் தவறாது சொல்லிவந்த ஒரு பெயர், அவ்வளவே. எங்கள் திரிகள் புதுநன்மையின்போது மீண்டும் ஏற்றப்பட்டுக் கட்டைவிரல் அளவாய்த் தேய்ந்திருந்தன. அவனுடையதோ நுனியில் மட்டும் கருகி, ஏறத்தாழ முழுமையாக இருந்தது.

அவ்வாண்டுத் திருவருகைக்காலம் நவம்பர் 27இல் தொடங்கியது. எஞ்சிய மெழுகையெல்லாம் உருக்கி, திருவருகைக்கால வளையத்திற்கு நான்கு திரிகள் வார்க்கலாம் என்று எண்ணினோம். இவ்வளையம் நம் திருச்சபையில் தோன்றியதன்று. 1839இல் ஹாம்பர்க் நகரில், தாம் பேணிவந்த ஏழைச் சிறுவர்கள் கிறிஸ்துமசுக்கு நாள் எண்ணுவதற்காக லூத்தரன் போதகர் விக்கெர்ன் அமைத்தது. பின்னரே கத்தோலிக்கர் அதனை ஏற்றனர். இன்று ஊதா மூன்றும், மகிழ்ச்சி ஞாயிறுக்கென இளஞ்சிவப்பு ஒன்றும் வைக்கிறோம்.

அக்கா இசையவில்லை. மந்திரித்ததைச் சாயத்தில் முக்குவதா என்றார். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1171ஆம் எண், மந்திரிக்கப்பட்ட பொருள்கள் தனியாரிடம் இருப்பினும் மரியாதையுடன் பேணப்பட வேண்டும், உலகியல் பயனுக்கு ஆகாது என்று விதிக்கிறது. பங்குத்தந்தையிடமே கேட்டோம். செபத்தில் எரிந்தது செபத்திலேயே மீண்டும் எரியுமாயின் அதில் அவமதிப்பு ஏது என்றார். அக்கா பாதி இணங்கினார்.

எடை போட்டபோது 400 கிராமுக்கும் குறைவே இருந்தது. அரைக் கிலோ பாரஃபின் மெழுகு வாங்கிச் சேர்த்தோம். மெழுகை அடுப்பின்மேல் நேராக வைக்கலாகாது. தீப்பற்றினால் நீர் ஊற்றி அணைக்கவும் இயலாது, தீ சீறிப் பரவும். ஆகவே பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, அதனுள் சிறு பாத்திரத்தை இறக்கினோம். 60 பாகை வெப்பத்தை ஒட்டிப் பாரஃபின் இளகும். கருகிய நூல்களை மெல்லிய துணியில் வடிகட்டி, தேங்காயெண்ணெய் தடவிய அலுமினிய அச்சுகளில் ஊற்றினோம். முற்காலத்தில் பலிபீடத் திரிகளில் தேன்மெழுகே பெரும்பங்கு இருக்கவேண்டும் என்பது விதி. இலத்தீன் பாஸ்காப் புகழுரை தேனீக்களையும் நினைவுகூர்கிறது. எங்கள் துண்டுகளுள் ஒன்றிரண்டு மஞ்சளாய் உருகி மெல்லிய தேன்மணம் வீசியதை அக்காவே முதலில் கண்டுகொண்டார்.

சாயத்தில்தான் சிக்கல். அண்டைவீட்டார் கோலப்பொடியைப் பரிந்துரைத்தனர். அது கரையாது, அடியில் தங்கும், திரிநூலையும் அடைக்கும். உணவுக்கு இடும் நிறம் நீரில் கரைவது, மெழுகோடு ஒட்டாது. எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயமே வேண்டும், அதுவும் ஒரு சிட்டிகை போதும். நகப்பூச்சை நீரில் மிதக்கவிட்டுத் திரியை நனைப்போரும் உண்டு. எளிதில் தீப்பற்றும் பொருளைத் திரியின்மேல் பூசுவது அறிவுடைமையாக எங்களுக்குத் தோன்றவில்லை.

நாங்கள் செய்தது இது. ஆழமான தூக்குவாளியில், மிதக்கும் மெழுகு உறையாத அளவுக்குச் சூடான நீர். அதன்மேல் ஊதா மெழுகு இரண்டு கரண்டி. நீரினும் இலேசானதாகையால் அது தீவுதீவாய்ப் பிரிந்து மிதந்தது. வெண்திரியை நூலைப் பிடித்து இறக்கி, சுழற்றியவாறே இரண்டு மூன்று நொடிகளில் வெளியே எடுத்தால், பளிங்கில் ஓடும் நரம்புகளைப்போல் ஊதாக் கோடுகள் படிந்துவிடும். உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் பளபளப்பும் கிட்டும். ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது. நேராக முக்கினால் இவ்வழகு வராது. சுழற்றும் கைதான் அனைத்தும். பேரப்பிள்ளைகளிடம் கொடுக்காமல் மூன்றாவதை அக்காவே சுழற்றினார்.

1964ஆம் ஆண்டுப் பொட்டலம் அதுவரை மேசையிலேயே இருந்தது. அதையும் உருக்கிவிட்டால் நால்வரும் ஒன்றாகிவிடுவோமே என்றோம் நாங்கள் இருவரும். அக்கா அதனைக் கையிலெடுத்துக்கொண்டார்.

"அவனுக்கென்று இருந்தது இது ஒன்றுதானே. உங்களோடு கலந்துவிட்டால் பிறகு எது அவனுடையது?"

எங்களிடம் விடையில்லை. வளையத்தின் நடுவே கிறிஸ்துமஸ் இரவில் ஏற்ற வெண்திரி ஒன்று வைப்பதுண்டு. அதற்கென்று வாங்கிய திரியை எடுத்துவிட்டு இதனை நிறுத்தினோம். சாயமின்றி, 58 ஆண்டுப் பழுப்போடு.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அக்கா ஏற்றினார். பழைய நூல் சற்றே பொரிந்து, பின்னர் நிமிர்ந்து எரிந்தது. சில மணித்துளிகளில் அணைத்து வைக்கலாம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அக்கா விடவில்லை, நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு அமர்ந்துவிட்டார். நாங்களும் உறங்கவில்லை. விடிவதற்குச் சற்றுமுன் அது தானே அணைந்தது. பொட்டலம் கட்ட எதுவும் எஞ்சவில்லை. பெயர் எழுதிய தாளை மட்டும் மடித்து அக்கா தம் செபப்புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார்.