சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

ஓசூருக்கு வடகிழக்கே, கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கிறது பாகலூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவாசலில் ஒலிக்கும் பிரதேசம். ரோஜாத் தோட்டங்களைப் பார்க்கலாமென்று போன நாம், சாலையோரத்தில் நின்ற லாரிகளைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு லாரியின் முன்னறையில் ஆசனத்துக்குப் பின்னால் நீளப் பலகை. பகலில் சாமான், இரவில் சயனம். கொடியில் துண்டு, பெட்டிக்குள் அரிசியும் அடுப்பும். மாதத்தில் பாதி நாள் ஓட்டுநருக்கு அதுவே கிருகம்.

மேல்நாட்டார் பழைய இழுவை வண்டிகளை வாங்கி, உள்ளே இருப்பதைப் பிரித்தெறிந்து, சமையலறையும் கட்டிலும் அமைத்து வசிக்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் நாமக்கல் ஜில்லா பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு. கட்டடக் கலை பயின்ற இந்த இளைஞர், சுமார் ஒரு லட்ச ரூபாய்ச் செலவில் ஓர் ஆட்டோ ரிக்ஷாவின் மேல் 36 சதுர அடி வீடு கட்டினார். படுக்கை, சமையலிடம், குளியல் தொட்டி, கழிப்பிடம் எல்லாம் அதற்குள் உண்டு! பழைய உலோகத் துண்டுகளே பெரும்பாலும் மூலப்பொருள். 2021-ல் ஆனந்த் மகிந்திரா இதைப் பார்த்து வியந்து எழுதினார்.

அந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி 250 லிட்டர். குடும்பஸ்தர்கள் இங்கேதான் கணக்குப் போட வேண்டும். கிராமத்து வீடுகளுக்குச் சர்க்கார் வகுத்த அளவு, தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நால்வருக்கு 220. ஆக, தொட்டி ஒரு நாளைக்குத்தான் காணும். நிறைந்த தொட்டியின் எடையோ 250 கிலோ. நாலு பேரை எப்போதும் உடன் ஏற்றிச் செல்வதற்குச் சமானம். இழுவை வண்டியில் இத்தகைய கனத்தைப் பின்கோடியில் வைத்தால் ஓட்டத்தில் வண்டி வாலாட்டும். அச்சுக்கு அருகே, தாழ்வாக வைப்பதே உசிதம்.

திரைச்சீலையின் வர்ணத்தைப் பற்றிய விவாதம் பிறகு இருக்கட்டும். முதலில் கூரை ஒழுகுகிறதா, அடித்தளம் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகையால் மேலே ஜன்னல் இருந்தால் போதாது, தரையோரம் துவாரமும் அவசியம். நம் வீட்டுத் தாளிப்புக்கு மேலே வழி வேண்டும் என்பதைக் கிருகிணிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்ட அமைப்புக்கு மாறாக வண்டியை இஷ்டம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. பாகலூரில் செய்த வண்டி எல்லை தாண்டிச் சில மைல் போவதற்குள் அந்தப் புத்தகத்தை யாராவது கேட்கக்கூடும். தச்சரைக் கூப்பிடுவதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுவது மேல். அருண் பிரபு தமது வீட்டை ஆட்டோவோடு போல்ட்டுகளால்தான் பொருத்தினார். வேண்டும்போது கழற்றி இறக்கிவிடலாம்.