எடைக்கல்

ஜூலை 21
கோடை விடுமுறைக்குத் தியேட்டர் பூட்டியாச்சு. பாரிஸில நாலு வருசமா இந்தத் தரையைக் கூட்டிறவன் நான். சரவிளக்குத் துடைக்கிறவர் கையை முறிச்சுக்கொண்டார். "உன்ர கை நடுங்காது, நீ வா" எண்டார் பொறுப்பாளர். இவ்வளவு நாளும் அதை அண்ணாந்து பார்க்க நேரமிருந்ததில்லை.

ஜூலை 22
மேல வின்ச் உறுமிச்சுது. விளக்கு மெல்ல மெல்ல இறங்கி என்ர இடுப்புக்கு வந்து நிண்டது. கிட்டப் பார்த்தா அழகில்லை. பழைய பல்புச் சூட்டில தூசு வெந்து கண்ணாடியோட ஒட்டிக் கிடக்குது. ஒவ்வொரு தொங்கட்டானையும் கழற்ற முதல் படம் எடுக்கவேணும். கழற்றினதை எண் போட்ட தட்டில வைக்கவேணும். ரெண்டு கையிலயும் பருத்திக் கையுறை: ஒண்டு ஈரம், மற்றது உலர். வடிச்ச தண்ணியில கொஞ்சம் அல்ககோல். விளக்கில தெளிச்சா சொக்கட்டுக்குள்ள போகும், கையுறையைத்தான் நனைக்கலாம். அமோனியா கிட்டவும் வரக்கூடாது, பித்தளை கெட்டுப்போகும்.

ஜூலை 23
முதுகு.

ஜூலை 26
மத்தியானம் மின்வேலை பார்க்கிற அண்ணை, இதே பாரிஸில இருக்கிற கார்னியே ஒப்பெரா அரங்கின்ர கதை சொன்னார். 1896 மே 20, மேடையில ஒப்பெரா நடக்குது. சரவிளக்கு சனத்துக்கு மேல விழுந்தது எண்டுதான் எல்லாரும் நம்பினம். கஸ்தோன் லெரூவின்ர நாவலில அப்பிடித்தான். உண்மையில அந்த 7 தொன் விளக்கு அப்பிடியே தொங்கினது. அதைச் சமன்பிடிக்க மறைவில தொங்கின எடைக்கல்லுகளில ஒண்டுதான் அறுந்து, கூரையைப் பிச்சுக்கொண்டு விழுந்தது. ஒரு பெண் செத்துப்போனா. ஏதோ கட்டடத்தில வாசல் காவல் பார்த்தவ.

எங்கட விளக்குக்கு எடைக்கல் இல்லையாம். மோட்டர், காப்புக்கு இன்னொரு வடம்.

இரவு மனிசிக்குச் சொன்னன். சோறு போட்டபடி, "அந்தக் கல் அங்க தொங்கிறது ஆருக்கும் தெரிஞ்சிருக்காது, என்ன?" எண்டா. விடிய நாலுக்கு அலாரம் வைச்சிட்டுப் படுத்திட்டா. அவ துடைக்கிற கந்தோர் எட்டு மணிக்குத் திறக்கும்.

ஜூலை 27
மழை.

ஜூலை 30
தட்டு 14இல ஒரு தொங்கட்டான் குறையுது. பொறுப்பாளர் ஒண்டும் சொல்லேல்லை. ஏசியிருந்தாத் தாங்கியிருப்பன். முழங்காலில நிண்டு சபை முழுக்கத் தடவினன். இந்தத் தரையில எங்க எது உருண்டு போய் நிக்கும் எண்டு எனக்குத் தெரியும். கிடைக்கேல்லை. வீட்டுக்கு வந்து சட்டைப்பையை மூண்டு தரம் உதறினன். நான் எடுக்கேல்லை எண்டு எனக்கே நான் ஏன் காட்டவேணும்?

ஓகஸ்ட் 1
கழற்ற முதல் எடுத்த படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தம். அந்தக் கொழுக்கி முந்தியே வெறுங்கொழுக்கி. எத்தினை வருசமோ! பொறுப்பாளர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

ஓகஸ்ட் 5
மனிசி வேலையில தலைசுத்தி விழுந்திட்டா. ரத்தம் குறைவாம், இன்னும் சோதிக்கவேணுமாம். "ஒண்டுமில்லையப்பா" எண்டு பின்னேரமே குசினியில நிக்கிறா. எத்தினை நாளாத் தலை சுத்தினது எண்டு கேட்டன். அடுப்பைத் துடைச்சுக்கொண்டு நிண்டா.

ஓகஸ்ட் 9
விளக்கு மேல ஏறினது. லைட் போட எல்லாரும் கைதட்டிச்சினம். நான் வடம் போற ஓட்டையையே பார்த்துக்கொண்டு நிண்டன்.

சோதனை முடிவு இன்னும் வரேல்லை. விடிய நாலுக்கு அலாரம் அடிக்குது. நிப்பாட்டச் சொன்னாக் கேக்கிறா இல்லை.